மறுபடியும் ஞானஸ்நானம் பெற வேண்டுமா?



நம் குடும்பங்களை இன்று அடிக்கடி கலங்கச் செய்யும் கேள்வி ஒன்று உண்டு. வெளிநாட்டுக்குப் போன மகன் அங்கே ஒரு செபக்கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறான். "அம்மா, குழந்தையாய் இருந்தபோது எனக்குத் தந்தது ஞானஸ்நானமே அல்ல, இனித்தான் நான் உண்மையான ஞானஸ்நானம் பெறப் போகிறேன்" என்று தொலைபேசியில் சொல்கிறான். அயல்வீட்டுக்காரர் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "உங்கள் சபை செய்வது இதில் எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்கிறார். தாய் பதில் தெரியாமல் கலங்குகிறாள். தகப்பனோ கோபம் கொண்டு, "அவர்களெல்லாம் கிறிஸ்தவர்களா?" என்று சொல்லி வாயடைக்கப் பார்க்கிறார்.

மகனின் பேச்சும் தகப்பனின் பேச்சும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றும். ஆனால் இரண்டின் வேரும் ஒன்றே. "எங்கள் கூட்டத்துக்கு வெளியே கிறிஸ்து செயற்படமாட்டார்" என்ற எண்ணமே அந்த வேர். இது புதிய எண்ணமன்று. ஏறக்குறைய 1,770 ஆண்டுகளுக்கு முன் பெரிய ஆயர்களையும் இது இரு பக்கமாகப் பிரித்தது. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், நம் வீட்டுக் கேள்விக்கும் அமைதியாகப் பதில் சொல்ல நம்மால் முடியும்.

கார்த்தேஜ் நகரில் எழுந்த பிரச்சினை

250ஆம் ஆண்டில் உரோமைச் சக்கரவர்த்தி தேசியு, குடிகள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்ற கட்டளையை நிறைவேற்றினான். வேதகலாபனை தொடங்கியது. பலர் வேதசாட்சிகளாக உயிர்விட்டனர். பலர் பயந்து பலியிட்டனர். இன்னும் சிலர் பலியிட்டதாகப் பத்திரம் மட்டும் வாங்கிக்கொண்டனர். கலாபனை ஓய்ந்தபின் இவர்கள் கண்ணீரோடு திரும்பி வந்தார்கள். தகுந்த தவமுயற்சியின் பின் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் பாப்பரசர் கொர்நேலியு. சேர்க்கவே கூடாது என்றார் உரோமைக் குருவாகிய நொவாசியன். 251இல் அவர் தம்மையே ஆயராக அபிஷேகம் செய்வித்துத் தனிச்சபை ஒன்றை ஏற்படுத்தினார். திரித்துவத்தைப் பற்றிய அவருடைய விசுவாசத்தில் குறையில்லை. அதைப்பற்றி அவர் ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் திருச்சபையைப் பிளந்தார்.

சில ஆண்டுகள் சென்றன. நொவாசியனின் சபையிலே ஞானஸ்நானம் பெற்ற சிலர், கத்தோலிக்க திருச்சபையில் சேர விரும்பினர். அவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுப்பதா, விடுவதா?

கொடுக்கவேண்டும் என்றார் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயரான புனித சிப்பிரியான். பரிசுத்த ஆவியானவர் திருச்சபையில் இருக்கிறார்; திருச்சபையை விட்டுப் போனவனிடம் அவர் இல்லை; தன்னிடம் இல்லாததை ஒருவன் பிறருக்கு எப்படிக் கொடுப்பான்? இதுவே அவருடைய நியாயம். 256 செப்டெம்பர் முதலாந் திகதி கார்த்தேஜில் கூடிய எண்பதுக்கும் மேற்பட்ட ஆயர்கள் அவருடைய பக்கம் நின்றார்கள். சின்ன ஆசியாவிலிருந்து கப்பதோக்கியாவின் ஆயர் பிர்மிலியானும் அவரை ஆதரித்தார்.

கொடுக்கக்கூடாது என்றார் அப்போது உரோமையின் ஆயராயிருந்த பாப்பரசர் புனித ஸ்தேவான். கையளிக்கப்பட்டு வந்த வழக்கத்தை மீறிப் புதிது எதையும் புகுத்தலாகாது. வருகிறவர்களின் தலைமேல் கைகளை வைத்து, மனந்திரும்பியவர்களாக ஏற்றுக்கொண்டால் போதும் என்றார். இணங்காதவர்களோடு உறவை முறித்துக்கொள்ளப்போவதாகவும் எச்சரித்தார். அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியு இரு பக்கத்தாருக்கும் எழுதிச் சமாதானத்துக்காக உழைத்தார்.

ஒரே வசனம், இரண்டு முடிவு

இங்கே நாம் நின்று கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆண்டவர் ஒருவரே, விசுவாசம் ஒன்றே, ஞானஸ்நானமும் ஒன்றே எனப் பவுலடியார் எபேசியருக்குக் கற்பிக்கிறார் (எபே. 4:5). சிப்பிரியான் இந்த வசனத்தைத்தான் காட்டினார். ஞானஸ்நானம் ஒன்றே என்றால் அது ஒரே திருச்சபைக்குள் மட்டுமே உண்டு. ஆகவே வெளியே நடந்தது ஞானஸ்நானமல்ல என்று முடிவுசெய்தார். ஆனால் அதே வசனத்திலிருந்து மற்ற முடிவுக்கும் வரலாம்: ஞானஸ்நானம் ஒன்றே என்றால் அதை இரண்டாந்தரம் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை.

சமாரியரின் கதையும் அப்படியே. பிலிப்பு அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். பின்பு வந்த பேதுருவும் யோவானும் மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, கைகளை மட்டும் வைத்தார்கள் (அப். பணி 8:14-17). இது உரோமையின் வழக்கத்துக்கு ஏற்ற சாட்சியன்றோ என்றால், பிலிப்பு திருச்சபைக்கு உள்ளே இருந்தவர்தானே என்று சிப்பிரியான் பதில் சொன்னார்.

இரு பக்கத்தாரும் வேதாகமத்தை மதித்தவர்கள். இரு பக்கத்தாரும் அதை நன்றாக அறிந்தவர்கள். இரு பக்கத்தாரும் இன்று நம் பீடத்தில் வணங்கப்படும் புனிதர்கள். அப்படியிருந்தும் ஒரே வசனம் அவர்களை ஒரே முடிவுக்குக் கொண்டுவரவில்லை. ஆகவே, "வசனம் இதோ இருக்கிறது, இனிப் பேச்சென்ன?" என்று எவராவது சொன்னால் நாம் பதற்றமடைய வேண்டியதில்லை. வசனம் தேவனுடையது. அதை வாசிக்கும் கண் மனிதனுடையது.

இப்பிணக்கு அவர்களுடைய வாழ்நாளில் தீரவில்லை. ஸ்தேவான் 257இல் இறந்தார். சிப்பிரியான் 258 செப்டெம்பர் 14இல் தலைவெட்டுண்டு வேதசாட்சியானார். ஆனாலும், தம்மைப்போல எண்ணாத ஆயர்களைத் தீர்ப்பிடவோ உறவிலிருந்து விலக்கவோ போவதில்லை என்று அவர் 256ஆம் ஆண்டுச் சங்கத்தின் தொடக்கத்திலேயே அறிவித்திருந்தார். கருத்து வேறுபட்டாலும் அவர் தனிச்சபை அமைக்கவில்லை.

வேதநூலைக் கையளித்தவர்கள்

அரை நூற்றாண்டு கழிந்து, 303ஆம் ஆண்டில் தியோக்கிளேசியன் சக்கரவர்த்தி வேதநூல்களைப் பறித்து எரிக்கும்படி கட்டளையிட்டான். உயிர் போனாலும் நூலைக் கொடுக்க மறுத்தவர்கள் பலர். பயந்து கொடுத்துவிட்ட குருமாரும் ஆயர்களும் இருந்தனர். கார்த்தேஜின் ஆயர் மென்சூரியு, பதிதரின் நூல்களை வேதநூல்கள்போல் கோவிலில் வைத்து, சேவகர் அவற்றை எடுத்துப்போக விட்டதாகச் சொன்னார்.

அவருக்குப்பின் ஆயரான செசிலியானை அபிஷேகம் செய்தவர், வேதநூலைக் கையளித்த துரோகி என்று சிலர் குற்றஞ்சாட்டினர். விசாரணையில் அக்குற்றம் பொய்யென்று தெரிந்தது. ஆனாலும் பிளவு ஆறவில்லை. தொனாத்து என்பவரின் தலைமையில் ஒரு பெரிய சபையே பிரிந்தது. பாவியான குருவின் கையால் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, ஆகவே கத்தோலிக்கர் எவரும் கிறிஸ்தவரல்லர் என்பது அவர்களது போதனை. கத்தோலிக்கர் தம்மிடம் வந்தால் அவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அக்காலத்தில் ஒரே ஊரில் இரண்டு ஆயர்கள், இரண்டு கோவில்கள், ஒரே குடும்பத்தில் இரண்டு சபைகள். நம் ஊர்களில் இன்று காண்பதைப்போலவே என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா?

ஞானஸ்நானம் யாருடையது?

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடையைத் தந்தவர் அதே வட ஆபிரிக்காவில் இப்போ நகரின் ஆயராயிருந்த புனித அகுஸ்தீனார். அவர் 400ஆம் ஆண்டளவில் ஞானஸ்நானத்தைப் பற்றித் தொனாத்தியருக்கு எழுதிய நூலின் சாரம் இதுதான்: ஞானஸ்நானம் கொடுக்கும் மனிதனுடையதல்ல, கிறிஸ்துவுடையது. பேதுரு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே. யூதாசு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே.

கொரிந்தியர் தங்களை ஆளுக்கொரு போதகரின் கட்சியாகப் பிரித்துக்கொண்டபோது, உங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டவன் நானோ, என் பெயராலேயோ ஞானஸ்நானம் பெற்றீர்கள் என்று பவுலடியார் கேட்டதும் இதற்காகவே (1 கொரி. 1:13). கொடுத்தவர் நல்லவரா கெட்டவரா, எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்று பார்த்து ஞானஸ்நானத்தை அளந்தால், நம்மில் யார்தான் நிம்மதியாய் இருக்கமுடியும்? உங்கள் தலையில் தண்ணீர் வார்த்த குருவின் இருதயத்தை நீங்கள் அறிவீர்களா? அறியத் தேவையில்லை. அதுதான் நமக்குள்ள பெரிய ஆறுதல்.

வரலாற்றை முழுதாகச் சொல்வதானால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 411இல் கார்த்தேஜில் இரு தரப்பிலும் 280க்கு மேற்பட்ட ஆயர்கள் கூடி விவாதித்தார்கள். அரசு தீர்ப்பைக் கத்தோலிக்கர் பக்கம் கொடுத்தது. அதன்பின் தொனாத்தியர்மேல் தண்டமும் நெருக்கடியும் வந்தன; அகுஸ்தீனாரும் அதை ஆதரித்தார். அது உண்மையான ஒற்றுமையைத் தரவில்லை. பதினொரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1525இல் சூரிச் நகரில் சிலர் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காமல் பெரியவர்களாகி மறுபடி ஞானஸ்நானம் பெற்றபோது, புரட்டஸ்தாந்து நகரசபையே அவர்களுள் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 சனவரியில் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. சத்தியத்துக்காக வைராக்கியம் வேண்டும். ஆனால் பலவந்தத்தால் எவரையும் கிறிஸ்துவிடம் கொண்டுவர முடியாது.

எல்லை எங்கே?

அப்படியானால் தண்ணீர் வார்த்தவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களா? இல்லை. திருச்சபை ஆதியிலிருந்தே ஓர் எல்லையை வைத்திருக்கிறது. 314இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம், வேறு சபையிலிருந்து வருகிறவனிடம் அவன் விசுவாசத்தைக் கேட்கவேண்டும், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் கைகளை மட்டும் வைக்கவேண்டும் என்றது. 325இல் நீசேயா பொதுச்சங்கமும் இதே வழியில் நடந்தது. நொவாசியனின் சபையாருக்கு மறு ஞானஸ்நானம் கேட்கவில்லை. ஆனால் கிறிஸ்து உண்மையான தேவன் என்பதை மறுத்த சமோசாத்தா பவுலின் சீடர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவே வேண்டும் என்றது. 2025ஆம் ஆண்டில் கிறிஸ்தவ உலகம் 1,700ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடியது இந்தச் சங்கத்துக்குத்தான்.

திரித்துவத்தை மறுக்கும் யெகோவாவின் சாட்சிகளின் ஞானஸ்நானத்தைத் திருச்சபை ஏற்பதில்லை. மோர்மன் சபையார் அதே சொற்களைச் சொன்னாலும், அவற்றால் அவர்கள் கருதும் பொருள் வேறு என்பதால், அவர்களது ஞானஸ்நானமும் செல்லாது என உரோமை 2001 யூனில் அறிவித்தது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, லூத்தரன், தென்னிந்திய திருச்சபை ஆகியவற்றில் தண்ணீராலும் பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலும் கொடுக்கப்படும் ஞானஸ்நானம் செல்லுபடியானது. திரெந்து பொதுச்சங்கமே 1547இல், பிரிவினையால் பகை கொதித்துக்கொண்டிருந்த வேளையிலும், இதைக் கட்டளையாக எழுதிவைத்தது என்பதை நம்மில் பலர் அறியோம்.

1964 நவம்பர் 21இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய ஏட்டில் இன்னும் தெளிவாகப் பேசியது. கிறிஸ்துவை விசுவசித்து முறைப்படி ஞானஸ்நானம் பெற்றோர், முழுமையாக இல்லாவிட்டாலும், நம்மோடு உண்மையான உறவில் இருக்கிறார்கள்; கிறிஸ்தவர் என்ற பெயர் அவர்களுக்கு உரியது; நாம் அவர்களை ஆண்டவரில் சகோதரராக ஏற்கவேண்டும் என்பது அதன் போதனை. ஆகவே, "அவர்களெல்லாம் கிறிஸ்தவர்களா?" என்று கேட்கும் தகப்பனுக்குத் திருச்சபையே பதில் சொல்லிவிட்டது.

"வேதாகமம் மட்டும் போதாதா?"

இனி அயல்வீட்டுக்காரரின் கேள்விக்கு வருவோம். வேதாகமம் தேவ ஏவுதலால் எழுதப்பட்டது என்பதில் நமக்கும் அவருக்கும் வேற்றுமையில்லை. வேற்றுமை எங்கே என்றால், அதை யார் கையிலிருந்து பெற்றோம், யாரோடு சேர்ந்து வாசிக்கிறோம் என்பதில்தான்.

எந்தெந்த நூல்கள் வேதாகமத்தைச் சேர்ந்தவை என்ற அட்டவணை வேதாகமத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. 393இல் இப்போ நகரிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடிய ஆயர்கள் அந்த அட்டவணையை எடுத்துரைத்தார்கள். தோபியாசு, யூதித், மக்கபேயர் இரண்டு ஆகமங்கள், ஞானம், சீராக், பாரூக் ஆகியவை சேர்ந்த நம்முடைய 73 நூல்களும் அந்த மரபின்படி வந்தவை. எபிரேய மொழியில் யூதர் வைத்திருந்த நூல்களே முதன்மையானவை என்று புனித எரோணிமுஸ் எண்ணினார் என்பதும் உண்மையே. 1534இல் லூத்தர் தமது ஜெர்மன் வேதாகமத்தில் இந்நூல்களைப் புறம்பாக வைத்தார்; ஆனாலும் வாசிக்க நல்லவை என்று சேர்த்தே அச்சிட்டார். 1546இல் திரெந்து பொதுச்சங்கம் 73 நூல்களையும் உறுதிசெய்தது. ஆகவே "உங்கள் வேதாகமத்தில் நூல்களைக் கூட்டிவிட்டீர்கள்" என்று யாராவது சொன்னால், திருச்சபை பழைய காலத்திலேயே அவற்றை வாசித்து வந்தது என்று அமைதியாகச் சொல்லுங்கள். அவருடைய 66 நூல்களும் நம்மிடமும் உள்ளன என்பதையும் சொல்லுங்கள்.

அப்படியென்றால் திருச்சபை வேதாகமத்துக்கு மேலானதா? ஒருபோதும் இல்லை. திருச்சபையின் போதனை அதிகாரம் தேவ வார்த்தைக்கு மேற்பட்டதல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்று 1965இல் அதே பொதுச்சங்கம் கற்பித்தது. வேதநூலும் மரபும் ஒரே ஊற்றிலிருந்து வருவன. எத்தியோப்பிய மந்திரி தேரில் இருந்து எசாயாவின் ஆகமத்தை வாசித்தபோது, ஒருவர் விளக்காவிட்டால் தனக்கு எப்படி விளங்கும் என்று பிலிப்புவிடம் கேட்டதை நினைத்துக்கொள்ளுங்கள் (அப். பணி 8:30-31).

ஆனால் அயல்வீட்டுக்காரரிடம் நாம் கற்றுக்கொள்ளவேண்டியதும் உண்டு. அவர் வேதாகமத்தைத் தினமும் வாசிக்கிறார். நம் வீட்டில் அது அலுமாரியில் தூசி படிந்து கிடந்தால், மரபைப்பற்றி நாம் பேசும் பேச்சில் என்ன பலன்? தமிழில் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உழைத்த பலன். அதை வாங்கி வைத்தால் மட்டும் போதாது.

குழந்தைக்கு விசுவாசம் உண்டா?

இன்று மறு ஞானஸ்நானம் கேட்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், "குழந்தைக்கு விசுவசிக்கத் தெரியாதே" என்பது. லீதியாளும் பிலிப்பி நகரச் சிறைக்காவலனும் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றார்கள் (அப். பணி 16:15, 33). அந்த வீடுகளில் குழந்தைகள் இருந்தனர் என்று வசனம் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் ஆதித் திருச்சபை அதை எப்படி விளங்கிக்கொண்டது? குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கத்தைத் திருச்சபை அப்போஸ்தலரிடமிருந்து பெற்றது என்று மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் எழுதினார். மேலே கண்ட சிப்பிரியானும் அவரோடு கூடிய ஆயர்களும், குழந்தை பிறந்து எட்டாம் நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். பிரிந்தவர்களின் ஞானஸ்நானத்தை ஏற்க மறுத்த அதே சிப்பிரியானுக்கு, குழந்தை ஞானஸ்நானத்தில் சந்தேகம் இருக்கவில்லை.

குழந்தை தன் தாயை அறியுமுன்பே தாய் அதை நேசிக்கிறாள். தேவன் நம்மை முந்தி நேசிக்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் ஏது? பெற்றோரும் ஞானத்தாய் தந்தையரும் அன்று கொடுத்த வாக்கைப் பின்பு மறந்துவிட்டால், அது ஞானஸ்நானத்தின் குறையல்ல, நம்முடைய குறை.

நம் வீட்டில் என்ன செய்வோம்?

முதலாவது, மகனிடம் கோபிக்காமல் பேசுங்கள். அவன் தேவனைத் தேடுகிறான் என்றால் அது சந்தோஷத்துக்குரியது. "நீ தேடுகிற கிறிஸ்து உன்னைக் குழந்தையிலேயே தொட்டுவிட்டார், அவர் செய்ததைச் செய்யாததுபோல் ஆக்கிவிடாதே" என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, வேறு சபையைச் சேர்ந்த மருமகளையோ மருமகனையோ கிறிஸ்தவரல்லாதவர்போல் நடத்தாதீர்கள். செல்லுபடியான ஞானஸ்நானம் பெற்ற இருவர் திருச்சபையின் முறைப்படி செய்யும் விவாகம் ஒரு திருவருட்சாதனம். அவர் கத்தோலிக்க திருச்சபையில் சேர விரும்பினாலும் அவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. பாரமான சந்தேகம் இருந்தாலன்றி நிபந்தனையோடும் கொடுக்கக்கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. எந்தச் சொற்களால் ஞானஸ்நானம் நடந்தது என்பதில் சந்தேகமிருந்தால் பங்குக் குருவானவரிடம் கேளுங்கள், நீங்களே தீர்ப்பிடவேண்டாம்.

மூன்றாவது, உங்கள் பிள்ளைகளின் ஞானஸ்நானத் திகதியை அவர்களுக்குச் சொல்லுங்கள். பிறந்தநாளைக் கொண்டாடும் நாம் அந்த நாளை அறியாமலே இருக்கிறோம். அன்று வீட்டில் ஒரு மெழுகுதிரியை ஏற்றி, விசுவாசப் பிரமாணத்தைச் சேர்ந்து சொல்லுங்கள். தன் ஞானஸ்நானத்தை அறிந்து வளர்ந்த பிள்ளை, அதை இன்னொரு தரம் தேடி அலையாது.

குடும்பமாய்ச் சிந்திக்க:

1. நம் வீட்டில் ஒவ்வொருவரும் எந்தக் கோவிலில், எந்தத் திகதியில் ஞானஸ்நானம் பெற்றோம்?

2. வேறு சபையைச் சேர்ந்த நம் உறவினர், அயலவர் ஆகியோரைப் பற்றி நாம் பேசும் சொற்கள் சகோதரருக்கு ஏற்றவையா?

3. இந்த வாரம் வேதாகமத்தின் எந்த அதிகாரத்தை ஒன்றாய் வாசிக்கப் போகிறோம்? எபேசியர் நான்காம் அதிகாரத்திலிருந்து தொடங்கலாமே.